பகலில் எரிந்த விளக்குகள்

பகலில் விளக்கு எரிந்தால் கோதண்டபாணிக்கு ஆகாது. ஆம்பூரில் மக்பூல் அகமது சாயபுவின் தோல் தொழிற்சாலையில் பாய்லரும் எஞ்சினும் அவர் பொறுப்பு. பொழுது விடிந்ததும் ஸ்விட்சுப் பலகைக்குப் போய் அத்தனை பல்பையும் அணைத்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவார். மழை மூட்டத்தில் கணக்கர் கண்ணை இடுக்கிக்கொண்டு எழுதினாலும் இரக்கம் காட்ட மாட்டார். "வெளிய சூரியன் இன்னாத்துக்கு கீது?" என்பார். மற்றபடி கேட்டவருக்குக் கையில் இருப்பதைக் கொடுத்துவிடும் மனிதர். வெளிச்சத்தில் மட்டும் மகா கஞ்சர்.

அந்த வெளிச்சம் பிறக்கும் பாடு அவருக்குத்தானே தெரியும். தோல் பதமான பிறகு மிஞ்சும் ஆவாரம்பட்டைச் சக்கையைக் காயவைத்து அவர்தான் பாய்லரில் போட்டு எரிப்பார். அதில் எழும் ஆவி எஞ்சினை ஓட்டும், எஞ்சின் டைனமோவைச் சுழற்றும், பல்பு எரியும். எஞ்சினை விட்டு வெளியேறும் ஆவியிலும் சூடு நிறைய மிச்சமிருக்கும். முன்பெல்லாம் அது வீணாக வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அதைக் குழாயில் பிடித்து, பனிக்காலத்தில் தோல் உலர்த்தும் அறைக்குள் சுற்றிவிட்டார்கள். ஒரே சக்கையில் வெளிச்சமும் ஆச்சு, சூடும் ஆச்சு. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதை மாய்ந்து மாய்ந்து சொல்வார்.

காலையில் கஞ்சி குடிக்க வீட்டுக்கு வந்தால் மனைவி செல்லம்மாள் கேட்பாள். "இன்னா, ஒங்க புள்ளைங்கள தூங்க வெச்சிட்டு வந்தீங்களா?"

"எல்லாம் தூங்கிடுச்சிங்க" என்பார். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லாத இருவர் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். சிரித்து முடித்ததும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் பிறந்த கையோடு, மார்கழிக் குளிரில், அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏழு மாதம்தான் நிறைந்திருந்தது. கோதண்டபாணியின் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. பிரசவம் பார்த்த நர்ஸ் ஆரோக்கியமேரி ஒளிக்காமல் சொன்னாள்.

"பால சங்குல சொட்டுச் சொட்டா ஊட்டிக்கலாம். சூடு மட்டும் கம்மியாவக் கூடாது. இந்தப் பனியில வேலூருக்கெல்லாம் தூக்கிக்கினு போனா தாங்காது. கணப்பு போட்டீங்கன்னா அந்தப் பொகை கொழந்தைக்கு ஆகாது."

புகையில்லாத சூடு ஊரிலேயே ஓர் இடத்தில்தான் இருந்தது. கோதண்டபாணி முதலாளியிடம் ஓடினார். மறுநாள் ரம்ஜான் பெருநாள். தொழிற்சாலைக்கு விடுமுறை, எஞ்சினை நிறுத்தியாக வேண்டும்.

"நாளைக்கு எஞ்சின் ஓடணும் மொதலாளி" என்று ஆரம்பித்துப் பிள்ளையின் நிலைமையைச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் மக்பூல் அகமது செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பி வந்தார். தோல்களை வெளியேற்றி அறையைக் கழுவ வைத்தார். அவர் மனைவி ஜஹீதா பெருநாளுக்குத் தைத்த புதுப் பஞ்சு மெத்தையை அனுப்பிவைத்தாள். சூடான குழாயை ஒட்டிக் கட்டில் போட்டுத் தாயையும் பிள்ளையையும் படுக்க வைத்தார்கள். அன்றிரவு எல்லா விளக்கும் எரிய, எஞ்சின் ஓட, அறை கதகதவென்று இருந்தது.

விடிந்தது. ஊர் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் செல்லம்மாளின் குரல் கேட்டது.

"ஏங்க, கொழந்த காலு சில்லுனு கீது."

ஓடிவந்து குழாயைத் தொட்டார். வெதுவெதுப்புகூட இல்லை. தீ போதவில்லையென்று நினைத்து இன்னும் நாலு கூடை சக்கையைப் போட்டார். ஆவியின் அழுத்தம் காட்டும் முள் ஏறியது, பாய்லர் சீறியது, குழாய் மட்டும் ஆறிக்கொண்டே போனது. பாய்லர் ஆவியை நேராக அதில் திருப்பவும் வழியில்லை. அந்த வேகத்தை மெல்லிய குழாய் தாங்காது. ஆரோக்கியமேரி குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்து மெத்தையால் போர்த்தினாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. கோதண்டபாணி மறுபடியும் குழாயைத் தொட்டுப் பார்த்தார். கடவுளே என்று அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே பல்பு அணைந்திருந்தது.

அணைத்தது யார்? அவரேதான். விடிந்ததும் கை பழக்கத்தில் தானாகப் பலகைக்குப் போயிருக்கிறது. விடுமுறை நாளில் வேறு இயந்திரம் ஏதும் ஓடவில்லை. எஞ்சினுக்கு இருந்த பாரமே அந்த விளக்குகள்தான். அவை அணைந்ததும் எஞ்சின் சும்மா சுழன்றது. சும்மா சுழலும் எஞ்சின் ஆவியைக் கொஞ்சமாகத்தான் குடிக்கும், கொஞ்சமாகத்தான் வெளியே விடும். தெரிந்த சங்கதிதான். தன் பிள்ளை என்றதும் அத்தனையும் மறந்துபோயிற்று. தலையில் அடித்துக்கொண்டு ஓடி எல்லா ஸ்விட்சையும் போட்டார். அழுதுகொண்டேதான் போட்டார்.

தொழுகை முடிந்து அத்தர் மணக்க வந்த முதலாளி வாசலிலேயே நின்றுவிட்டார். நல்ல வெயிலில் முற்றம் முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா கோதண்டம், நீயா பகல்ல லைட்டு போட்ட?"

"இன்னும் பல்பு வேணும் மொதலாளி. எரிய எரியத்தான் சூடு."

பெருநாளுக்காக வீட்டு முகப்பில் கட்டியிருந்த பல்புச் சரத்தை முதலாளியே அவிழ்த்துக்கொண்டு வந்தார். அதைத் தொழிற்சாலைச் சுவரில் கட்டிவிட்டார்கள். வாழ்த்துச் சொல்ல வந்த ஊர் ஜனம் அங்கே நின்று வேடிக்கை பார்த்தது. கோதண்டத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். மாலைக்குள் குழந்தையின் கால் சூடானது. சங்குப் பாலை உறிஞ்சிவிட்டு அது முதன்முதலாகச் சத்தமாய் அழுதது. செல்லம்மாளும் கூடவே அழுதாள்.

பனி விலகி, பிள்ளைக்குச் சதை பிடிக்கும்வரை அந்த விளக்குகள் பகலிலும் எரிந்தன. வள்ளியம்மாள் என்று பெயர் வைத்தார்கள். கோதண்டபாணி திருந்திவிட்டார் என்று நினைத்தால் தப்பு. கணக்கர் பழையபடி கண்ணை இடுக்கிக்கொண்டுதான் எழுதினார். மகளும் அப்பனைக் கொண்டு பிறந்திருந்தாள். நாலு வயதில் ஒருநாள், அவர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வரும்போது உலர்த்தும் அறைக்குள் எட்டிப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"ப்பா, அங்க ஒண்ணு எரியுது. அணைக்க மறந்துட்ட."

"மறக்கல கண்ணு" என்று அவளைத் தூக்கிக்கொண்டார். "அது எரியட்டும்."