ஜெயசீலியின் கேட் மீட்டிங்

சேக்காட்டுச் சர்ச்சில் ஜெயசீலியைப் பாடகர் குழுவின் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். முன்னால் நின்றால் மற்றவர்கள் பாடுவது கேட்காது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வேதமுத்துவின் அம்மா, "பொண்ணு பேசறாளா, சண்டை போடறாளா?" என்று கேட்டாராம். கல்யாணம் நடந்தது, தொண்டை குறையவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு ரப்பர் புஷ் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஜெயசீலி பிரஸ் ஓட்டினார். சூடான அச்சுக்குள் ரப்பர் துண்டை வைத்து, மூடி, திறந்து, எடுக்கும் வேலை. அங்கே சங்கம் தொடங்கியபோது அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். மைக்செட் எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம் என்று கூட வேலை செய்த திருவேங்கடம் இன்றும் சொல்கிறார்.

கொரோனா முடிந்து திரும்பியபோது கேட்டில் ஆலை மூடல் நோட்டீஸ் இருந்தது. உள்ளே போக முடியவில்லை. வழக்குப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோறும் கேட் மீட்டிங் என்று முடிவானது. முதலில் எல்லோரும் வந்தார்கள். பிறகு ஒருவர் ஆட்டோவுக்குப் போனார், ஒருவர் பூந்தமல்லிக் குடோனுக்குப் போனார். திருவேங்கடம் கள்ளிக்குப்பத்தில் ஓர் அடுக்குமாடிக்கு செக்யூரிட்டி ஆனார். அவர் வெள்ளிக்கிழமைகளில் வருவார், ஆனால் எதிர்ப்பக்க டீக்கடையிலேயே உட்கார்ந்துகொள்வார். "நான் மீட்டிங்குக்கு வர்ல. டீ குடிக்க வந்தேன்" என்பார். கேட்டுக்கு முன்னால் கடைசியில் ஜெயசீலி மட்டும் நின்றார்.

கோஷம் என்பது தனியாகப் போடுகிற விஷயம் இல்லை. ஒருவர் பாதியை எடுத்துக் கொடுப்பார், கூட்டம் மீதியை முடிக்கும். ஜெயசீலி "திறந்திடு! திறந்திடு!" என்பார். கூட்டம் "ஆலையைத் திறந்திடு!" என்று சொல்லும் நேரத்துக்கு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். பிறகு அடுத்ததை எடுப்பார். கூட்டம் இல்லாமல் போன பிறகும் அந்த இடைவெளியை அவர் விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த இடைவெளியில், பூட்டிய ஆலைக்குள்ளிருந்து பதில் வந்தது.

எனக்கு இதெல்லாம் தொலைபேசியில்தான் முதலில் தெரியும். ஆசிய நாடுகளின் தொழிற்சங்கங்களைச் சேர்த்த ஒரு கூட்டமைப்பில், கோலாலம்பூர் அலுவலகத்தில், நான் மொழிபெயர்ப்பாளர். பிறந்து படித்ததெல்லாம் ஆவடி என்பதால் இந்தப் பக்கத்துச் சங்கங்கள் பேசினால் என்னிடம் தருவார்கள். செயல்படாத சங்கங்களை நீக்கிவிடலாம் என்று அந்த ஆண்டு முடிவு செய்திருந்தார்கள். நீக்கினால் ஜெயசீலியின் வழக்குக்குக் கூட்டமைப்பு கொடுத்துவந்த வக்கீல் இருக்க மாட்டார். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

"உங்க சங்கத்துல இப்போ ஆள் இருக்காங்களாக்கா?"

"கீறாங்கமா."

"எங்கே?"

"உள்ள."

முதலில் அஸ்பெஸ்டாஸ் கூரையில் பட்டு வரும் எதிரொலி என்றுதான் நினைத்தாராம். சோதித்துப் பார்க்க அடுத்த வாரம் கோஷத்தை மாற்றியிருக்கிறார். "வழங்கிடு! வழங்கிடு!" என்று எடுத்து, "வேலையை வழங்கிடு!" என்று தானே முடித்துமிருக்கிறார். உள்ளிருந்து பழையபடி "ஆலையைத் திறந்திடு!" என்றே வந்தது. சரி, யாரோ விளையாடுகிறார்கள் என்று வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கடுத்த வாரம் "வழங்கிடு!" என்று எடுத்ததுமே, "வேலையை வழங்கிடு!" என்று வந்தது.

"எதிரொலி ஒரு வாரம் கயிச்சி வருமா? நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு."

நான் அதையும் குறித்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு கேளு. நடுவுல எனக்கு இருமல் வரும். ரப்பர் புகை வாங்கின நெஞ்சு. நான் இருமுற எடத்துல அதுங்களும் இருமுது."

அவர் 'அதுங்க' என்றார். ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதுவது? பூட்டிய ஆலைக்குள்ளிருந்து குரல்கள் தனக்குப் பதில் சொல்வதாக ஒரு பெண் கூறுகிறார் என்று உள்ளபடியே எழுதி அனுப்பினேன். அவர் உடல்நிலை நன்றாக இருக்கிறதா என்று பதில் வந்தது. நீக்குவதற்கு முன் நேரில் ஒருமுறை பார்க்கலாம் என்றும் இருந்தது. மணிலாவைச் சேர்ந்த அமைப்பாளர் அம்மாவும் நானும் சென்னைக்குப் புறப்பட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை வெயில் இறங்கியிருந்தது. தெரு முழுக்கப் பக்கத்துப் பட்டறைகளின் இரைச்சல். ஜெயசீலி கஞ்சி போட்ட காட்டன் புடவையில், டிபன் பையோடு நின்றிருந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். டீக்கடையிலிருந்து திருவேங்கடம் கூவினார்.

"இன்னா ஜெயசீலி, பாரின்லேர்ந்து பேய் ஓட்ட ஆள் இட்டாந்துகீற?"

"நீ டீய குடி அண்ணாத்தே. ஆறிப்போவுது."

"இங்க நின்னு நானும்தான் கேக்குறேன். லாரி சத்தத்துல ஒரு மண்ணும் கேக்கல."

"கிட்ட வந்தாத்தான கேக்கும்? கிட்ட வர்றதுக்கு உனுக்குத்தான் தொடை நடுங்குதே."

திருவேங்கடம் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார்.

கேட்டில் காட்டுக்கொடி படர்ந்திருந்தது. பூட்டில் துரு. ஜெயசீலி தொண்டையைச் செருமி, "திறந்திடு! திறந்திடு!" என்றார்.

குரல் எழும்பிய உடனே ஏதோ ஒன்று நின்றது. விமானம் இறங்கும்போது காது அடைப்பதுபோல இருந்தது. அதுவரை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சலில் ஒரு பகுதி அந்தக் கேட்டுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது என்பது, அது நின்ற பிறகுதான் புரிந்தது.

"ஆலையைத் திறந்திடு!"

பல ஆண் குரல்கள். ஆனால் ராகம் ஜெயசீலியுடையது. 'திறந்திடு'வின் கடைசியில் அவர் கொடுக்கும் சிறு இழுப்பு அப்படியே இருந்தது. அவர் இருமினார். உள்ளே பல தொண்டைகள் இருமின. மணிலா அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கழுத்தில் கூட்டமைப்பின் அடையாள அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

அந்த அட்டைதான் காரியம் செய்தது. கேட்டின் சின்னக் கதவில் ஒரு துவாரம் இருந்தது. அதன் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் செல்வகுமார், வெளிநாட்டு முகத்தையும் அட்டையையும் கண்டு, பொருள் வாங்கும் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். கதவு உள்பக்கம் திறந்தது.

"வாங்க மேடம். பின்பக்கமா வருவீங்கன்னு சொன்னாங்க. புரொடக்‌ஷன் ஓடிக்கினுதான் கீது. இந்தம்மா கத்துறத கண்டுக்காதீங்க, மூளை கொயம்பின கேஸ்."

உள்ளே இரண்டு வரிசை பிரஸ்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆள், ரப்பர்க் கரி படிந்த முகம். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் கேட்டையே பார்த்து, வாயைப் பாதி திறந்து நின்றார்கள். பின்சுவர் ஓரம் கயிற்றில் அவர்களின் துணிகள் காய்ந்தன. பின்கதவு வெளிப்புறம் பூட்டியிருந்தது.

செல்வகுமார் மெயின் ஸ்விட்சைத் தூக்கினார். பிரஸ்கள் உறுமின. அத்தனை பேரும் ஒரே அசைவில் திரும்பிக் குனிந்தார்கள்.

ஜெயசீலி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக, பரீட்சை பார்ப்பதுபோல, "திறந்திடு" என்றார்.

செல்வகுமாரின் கை தானாகப் போய் ஸ்விட்சை இறக்கியது. ஆட்கள் நிமிர்ந்தார்கள். "ஆலையைத் திறந்திடு!"

"ஏன்டா அணைக்கிற?" என்றார் ஜெயசீலி.

"ஓனர் ஆர்டர்க்கா. மூடின கம்பெனில மிஷின் ஓடுறது சங்கத்துக் காதுல வியக்கூடாதுன்னு. நீ கத்தினா ஆஃப் பண்ணணும். இவனுங்க அத்த கண்டுக்கினானுங்க. மொதல்ல நீ ரெண்டு கத்து கத்திட்டுப் பூடுவ. ஒரு நா எவனோ, கூட்டம் இருந்தப்போ கேட்டத வச்சி, கிண்டலுக்குப் பதில் கொட்த்தான், நீ மெரண்டு போய் இன்னும் நேரம் கத்தின. அப்புறம் இன்னா, தமிய் ஒரு வார்த்த தெரியாது, எல்லாம் மனப்பாடம். வாரம் பூரா ரூமுக்குள்ள உக்காந்து பிராக்டீஸ் பண்றானுங்க. இவனுங்களுக்கு ரெஸ்ட்டே நீதான்க்கா."

நான் இதை மணிலா அம்மாவுக்கு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அவர் செல்வகுமாரிடம் அட்டையைத் திருப்பிக் காட்டினார். செல்வகுமார் எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் மாறியது. ஓனருக்குப் போன் போட்டுக்கொண்டே, ஆட்களை வேலைக்குத் திருப்ப மறு கையை ஸ்விட்சை நோக்கி நீட்டினார்.

ஜெயசீலி கோஷம் எடுத்தார். கை நின்றது. பதில் வந்தது. மறுபடி எடுத்தார். நிறுத்தினால் பிரஸ் ஓடும், அவர்கள் குனிவார்கள். அதனால் நிறுத்தவில்லை. நான் தொழிலாளர் துறைக்குப் போன் செய்தேன், அதிகாரிகள் வர இருட்டிவிடும் என்றார்கள். கத்திக்கொண்டே போனவரின் குரல் கிழிந்து, கடைசியில் வெறும் காற்றாக வந்தது. செல்வகுமாரின் கை மீண்டும் நகர்ந்தது.

"திறந்திடு! திறந்திடு!"

ராகமே இல்லாத ஒரு கட்டைக் குரல். திருவேங்கடம் கேட்டுக்கு வெளியே, கையில் டீ டம்ளரோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

பதில் வந்தது. அந்த நேரத்தில் ஜெயசீலி தான் பல வருஷம் பார்த்த மெயின் போர்டுக்கு நேராகப் போனார். ப்யூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டிபன் பையில் போட்டுக்கொண்டார்.

சங்கத்தை நீக்கவில்லை. வக்கீல் தொடர்கிறார். அந்த ஆட்களின் சம்பளத்தையும் சேர்த்துத்தான் இப்போது வழக்கு நடக்கிறது. அவர்களில் சிலர் ஒடிசாவுக்குத் திரும்பிவிட்டார்கள், சிலர் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்கள். இதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்று அவர்களை வெளியே கூட்டிவந்து தெருவோரம் உட்கார வைத்தோம். நெருக்கமாக, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். எத்தனை உறுப்பினர்கள் என்று எழுதிக்கொள்ளலாம், பெயர்களைக் கேள் என்றார் மணிலா அம்மா. நான் வாய் திறப்பதற்குள் ஜெயசீலி அவர்கள் முன்னால் குந்தி உட்கார்ந்து, மிச்சமிருந்த காற்றில் கேட்டார்.

"உம் பேரு இன்னா?"

"உம் பேரு இன்னா?" என்றார்கள் அத்தனை பேரும் சேர்ந்து, அதே கிசுகிசுப்பில்.

ஜெயசீலி இன்னும் கிட்ட நகர்ந்தார். பிறகு தன் நெஞ்சில் கைவைத்து, "ஜெயசீலி" என்றார்.

அவர்கள் கரி படிந்த கைகளைத் தங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள்.

"ஜெயசீலி."