பட்டியல் விற்ற மைத்துனன்

என் அண்ணன் மகளைக் கட்டியவருக்குப் பஸ் டிப்போவில் ‘பட்டியல்’ என்று பெயர். எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று எழுதிப் பலகையில் ஒட்டுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறார். தாளில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. யாராவது போய் மாற்றிக் கேட்டால் கேட்டவன் முகத்தைப் பார்க்க மாட்டார், தாளைப் பார்த்தே பதில் சொல்வார். தங்கமான மனுஷன்தான். ஆனால் மனதில் இருப்பதை வாய்க்குக் கொண்டுவர அவருக்கு வராது.

அண்ணனின் மகன் அதே டிப்போவில் டிரைவர். ஹாரனில் வைத்த கையை எடுக்கவே மாட்டான். அதனால் அவனுக்கு ‘ஹாரன்’ என்று பெயர் வைத்தவரே பட்டியல்தான். மாமனும் மச்சானும் நகமும் சதையுமாக இருந்த காலம் அது. டிவியில் மாட்டுகிற கேம் பெட்டி ஒன்றை இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினார்கள். அதில் ஒரு கால்பந்து விளையாட்டு. ஆனால் நாம் பந்தை உதைக்க முடியாது. நாம் மேனேஜர். யாரை எங்கே நிறுத்துவது, யாரை வாங்குவது, யாரை விற்பது என்பதோடு நம் அதிகாரம் சரி. ஆட்டம் தொடங்கிவிட்டால் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். பட்டியலுக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

ஆட்டக்காரர்களுக்கு நாமே பெயர் வைக்கலாமாம். இருவரும் உட்கார்ந்து எங்கள் வகையறா முழுவதையும் டீமில் ஏற்றிவிட்டார்கள். என் அண்ணி, பட்டியலின் மாமியார், தடுப்பு ஆட்டத்தில் நடுவில். “அத்தையைத் தாண்டி இதுவரைக்கும் எவன் போயிருக்கான்?” என்றார் பட்டியல். நான் கோல்கீப்பர். “சித்தப்பா உட்கார்ந்த இடத்தை விட்டு நகர மாட்டார்ல, அதான்” என்றான் ஹாரன். தடுப்பு வரிசையில் இடது ஓரத்தில் ஹாரன். அங்கே வேறு யாரையும் பட்டியல் நிறுத்தியதே இல்லை.

பிறகு என் அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்தார். மூன்றாம் நாள் ஹாரன் லீவு கேட்டுப் போனான். பட்டியல் தாளைப் பார்த்துக்கொண்டே, “ஆள் இல்லை. சொந்தக்காரனுக்குக் குடுத்தா நாளைக்கு நாலு பேர் கேப்பான்” என்றார். அவன் வண்டியை எடுத்தான். தூரத்து ரூட். அந்தக் கோடியில் வண்டியைத் திருப்பும்போது போன் வந்தது, அப்பா போய்விட்டார் என்று. வண்டி நிறைய ஜனம். நட்ட நடுவில் விட்டுவிட்டு வர முடியுமா? ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். சாவியைப் பட்டியலின் மேஜையில் வைத்தான். அன்றோடு பேச்சு நின்றது. வேறு டிப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவன், அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஆறு வருடம். எங்கள் வகையறாவில் பேசாமல் இருந்தே செத்தவர்கள் உண்டு. என் தாய்மாமாவும் அவர் சம்பந்தியும் பதினொரு வருடம் ஒரே தெருவில் முகம் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். கடைசியில் ஒருவர் போன பிறகு மற்றவர் நடைக்கல்லில் உட்கார்ந்து அழுதார், யாருக்குப் பிரயோஜனம்? இவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார்களோ என்று பெரியவள் பயந்துகொண்டிருந்தாள். பெரியவள் என்றால் பட்டியலின் மனைவி, ஹாரனின் அக்கா. கூடப் பிறந்தது அந்த ஒருத்தன்தான் அவளுக்கு.

மாதம் ஒரு ஞாயிறு நான் அவள் வீட்டுக்குப் போவேன். ஹாரன்தான் காரில் கொண்டுபோய் கேட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான். அந்த ஞாயிறு போனால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடி. என் முழங்கால் இருக்கிற அழகுக்கு அது நடக்கிற காரியமா?

“வாங்க சித்தப்பா, திரும்பிப் போயிடலாம்” என்றான்.

“உங்க அக்கா காலையிலேர்ந்து சமைச்சுக்கிட்டிருப்பாடா. கையைக் குடு.”

பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கொடுத்தான். நாலு மாடியும் ஏறி முடிக்கும்போது, தாங்கி வந்த அவனுக்கும் மூச்சு வாங்கியது. பெரியவள் கதவைத் திறந்தாள். தம்பியைப் பார்த்தவள் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

“தண்ணி குடிச்சிட்டுப் போறேன்க்கா” என்றான்.

உள்ளே பட்டியல் லுங்கியும் பனியனுமாக டிவி முன்னால். வாரம் ஒரே ஒரு ஆட்டம், அதற்கு மேல் டிவி எனக்கு என்பது பெரியவளின் சட்டம். அந்த ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கப் போனவர் பாதியில் உட்கார்ந்தார். அணைக்க ரிமோட்டை எடுத்தார்.

“எனக்காக அணைக்க வேணாம்” என்றான் ஹாரன், சுவரைப் பார்த்து.

அவனுக்கும் அது வேண்டியிருந்தது. டிவி இல்லாவிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டுமே. சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தான். பெரியவள் தண்ணீரை நீட்டிவிட்டு, என் காதோரம் குனிந்து, “சித்தப்பா, அவனை அந்தப் பக்கம் திருப்பி உட்கார வையுங்க” என்றாள்.

“ஏன்?”

“அவனை இவர் வித்துட்டார்.”

அவனை வாங்கிய டீம்தான் அன்றைக்கு மைதானத்தில் எதிர் டீம் என்று அவள் சொல்லாமலே புரிந்தது.

ஹாரன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இன்னும் நம்ம டீம்தானா? அம்மா நடுவுல. சித்தப்பா கோல்ல. இன்னும் நகரவே இல்லையா சித்தப்பா நீங்க?”

“முழங்கால் வலிடா” என்றேன். சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

“இடது பக்கம் நெட்டையா யாரோ புதுசா இருக்கான். என்னைக் காணோமே?”

பட்டியல் தொண்டையைச் செருமினார். இருபத்திரண்டு வருடத்தில் தாளில் ஒரு பொய் எழுதாத மனுஷன், “கால்ல அடி. நீ ரெஸ்ட்ல இருக்கே” என்றார்.

“ஓ. இங்க மட்டும் எனக்கு லீவு கிடைக்குதா?”

ஆட்டம் கோல் இல்லாமல் எண்பதாவது நிமிடத்தைத் தாண்டியது. பந்து யாரிடம் போகிறதோ அவன் பெயர் கீழே பொடி எழுத்தில் வரும். நல்லவேளை, ஹாரனின் கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது, அந்த எழுத்து அவனுக்குத் தெரியாது. எதிர் டீமின் அந்த ஓரத்துக்குப் பந்து போகும்போதெல்லாம் பட்டியலின் கால் விரல்கள் பாயைப் பிறாண்டின. தடுப்பு ஆட்டக்காரன்தானே, கோல் போடவா போகிறான் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கார்னரிலிருந்து பந்து வந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தன் எகிறித் தலையால் முட்டினான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கோல்! திரை முழுக்க, கண்ணாடி இல்லாதவனுக்கும் தெரிகிற மாதிரி, பெயர் விழுந்தது. ஹாரன்.

ஹாரன் மெதுவாகத் திரும்பினான். “கால்ல அடியா?”

பட்டியல் ஆட்டத்தை நிறுத்தினார்.

“அவன் பேரை அமுக்குங்க. நான் எப்போ போனேன்னு பார்க்கணும்.”

அமுக்கினார். அவனுடைய ஜாதகமே திரையில் விரிந்தது. வரிவரியாகப் பொடி ஆங்கிலம், எனக்கு ஓடாது. பெரியவள்தான் படித்தாள். விற்ற தேதி, அண்ணன் போனதற்கு அடுத்த ஞாயிறு.

“அப்பா போன அடுத்த வாரம்.” ஹாரன் எழுந்துவிட்டான். “நான் அங்க அழுதுக்கிட்டிருக்கேன். இங்க உட்கார்ந்து என்னை வித்திருக்கீங்க. நான் கிளம்பறேன்க்கா.”

வாசலுக்குப் போய் ஒரு காலை ஷூவுக்குள் நுழைத்தான். இனி அவன் இந்தப் படி ஏற மாட்டான் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் அதே பிடிவாதம். பட்டியல் தரையையே பார்த்தார்.

“இருடா, கீழே இன்னும் இருக்கு” என்றாள் பெரியவள். அவளுக்கே அது புதிது போலிருந்தது. “அடுத்த வருஷம் திரும்ப வாங்கக் கேட்டிருக்கார். வர மாட்டேன்னுட்டான். அதுக்கடுத்த வருஷமும் கேட்டிருக்கார். மாட்டேன்னுட்டான். மறுபடியும்…” அவள் விரல் திரையில் இறங்கிக்கொண்டே போனது. “ஆறு தடவைடா. வருஷம் தவறாம.”

ஹாரன் இன்னொரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“பொம்மைகிட்ட ஆறு தடவை கேட்டிருக்கீங்க மாமா,” என்றான். “என்கிட்ட ஒரு தடவை கேட்டீங்களா?”

பட்டியல் தலையைத் தூக்கினார். பார்க்கத் தாள் எதுவும் இல்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தார்.

“அன்னிக்கு லீவு குடுத்திருக்கணும்டா,” என்றார். “ஆள் இல்லேன்னா நானே வண்டியை எடுத்திருக்கணும்.”

“உங்களுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது.”

“தெரியாதுதான்.”

பெரியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ஹாரன் டிவியைப் பார்த்தான்.

“இன்னும் எத்தனை நிமிஷம் ஆட்டம்?”

“எட்டு.”

“போடுங்க. நான் ஜெயிக்கிறதைப் பார்த்துட்டே போறேன்.”

ஷூவைக் கழற்றினான். இந்தத் தடவை சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அந்த எட்டு நிமிடத்தில் வேறு கோல் விழவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது, நான் ஒரே இடத்தில் நின்று கோலை விட்டதைப் பற்றி மாமனும் மச்சானும் ஒற்றுமையாக என்னைத் திட்டினார்கள்.

சீசன் முடிந்த ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் சரியாகிவிட்டிருந்தது. அப்படியும் அவன் மேலே வந்தான். பட்டியல் ஏழாவது தடவையாக அந்த ஆட்டக்காரனைக் கேட்டு அனுப்பினார். பட்டனை அமுக்கியது ஹாரன். பதில் வந்தது: மறுப்பு.

“என்னடா, இப்பவும் வர மாட்டேங்கிறான்?” என்றார் பட்டியல்.

“என் பேரை வச்சிருக்கான்ல,” என்றான் ஹாரன். “அடுத்த வருஷம் கேளுங்க.”