பந்தியில் போட்ட ஊசி

எனக்குச் சர்க்கரை இருப்பது சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், கல்யாண வீடுகளில் கழிவறைக்குள் ஒளிந்துதான் இன்சுலின் போடுவேன். அங்கே கூட்டமிருந்தால் ஊசியே போடாமல் சாப்பிட்டதும் உண்டு.

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் இலை போட்டதும், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மா பையைத் திறந்து, இன்சுலின் ஊசியை எடுத்து வயிற்றில் போட்டுக்கொண்டார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"என்ன பாக்க தாயி? களவா செய்யுதேன், ஒளிஞ்சு போட?"

என் ஊசியும் பையில்தான் இருந்தது. எடுத்தேன், போட்டேன். எதிர் வரிசையிலிருந்து என் நாத்தனார் கேட்டாள்.

"மதினி, ஒங்களுக்குச் சுகரா?"

"ஆமா. ஏழு வருசமா."

"அப்போ ஒங்க பாயாசம் எனக்கு" என்றாள்.

ஏழு வருடமாக நான் நடுங்கிய கேள்வி, சாம்பார் வாளி எங்கள் இலைக்கு வருவதற்குள் முடிந்துபோனது.