சைக்கிளைக் கேட்ட பெண்

சென்ற வாரம் நானும் ஞானதாசும் நெய்யாற்றின்கரையில் மதியக் காட்சிக்குப் போனோம். புதிதாக வந்த குற்றப் படம். இடைவேளைக்கு முன்பே ஞானதாஸ் என் காதருகே குனிந்து, "எலே, இது நம்ம ஹாலுல கண்ட படமாக்கும். கலர் அடிச்சு விட்டிருக்கானுவ" என்றார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இருவருக்கும் பகல்கள் நீளமாகிவிட்டன. அதனால்தான் இந்த மதியக் காட்சிகள்.

அவர் சொன்னது முக்கால் பங்கு சரி. ஜன்னல் பலகைகளின் நிழல் முகத்தில் கோடுகளாக விழுவது, ஓயாத மழை, செத்தவனே தன் கதையைச் சொல்லும் குரல், துக்க வீட்டில் கலங்காமல் நிற்கும் மனைவி எல்லாம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களிலிருந்து வந்தவை. துப்பறிபவனின் தொப்பி மழைக்கோட்டாகியிருந்தது. சிகரெட் உண்டு, கீழே எச்சரிக்கை வாசகத்தோடு. பழையவன் வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பொய்களைக் கேட்டு வருவான். புதியவன் குளிர் அறையில் உட்கார்ந்து தெருக் கேமராப் பதிவுகளைப் பார்க்கிறான். அவனிடம் பொய் சொல்லக்கூட ஆள் வருவதில்லை.

என்னைத் தொந்தரவு செய்தது கடைசி இருபது நிமிடம். அதுவரை நாம் சந்தேகப்பட்ட மனைவியின் பக்கம் கேமரா போய், அதே காட்சிகளை அவள் நின்ற இடத்திலிருந்து மறுபடி காட்டியது. நாங்கள் பார்த்த பழைய படங்கள் அதைச் செய்ததில்லை.

அவற்றைப் பார்த்தது கொல்லயிலில், மிஷன் சர்ச்சின் ஹாலில், சனிக்கிழமை பிற்பகல்களில். புரொஜெக்டர் ஓட்டியது ஞானதாஸ். ஜன்னல்களை மறைக்க, சவப்பெட்டிக்கு மேல் விரிக்கும் கறுப்புத் துணியை இரவல் வாங்குவார். ஓட்டு இடுக்கு வழியாக வெளிச்சம் ஒழுகி, திரையில் கொலை நடக்கும் தெருவில் எப்போதும் இரண்டு வெயில் பொட்டுகள் கிடக்கும். மூலையில் காணிக்கையாக வந்த மட்டி வாழைக் குலைகள் பழுத்து மணக்கும். இன்றும் மட்டிப்பழ வாசனை வந்தால் யாரையோ சுடப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். நுவார் என்று அந்தப் படங்களுக்குப் பெயர் உண்டு என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது நான் கற்றது ஒன்றுதான்: அழாத பெண்ணைக் கவனி.

அந்த நாட்களில் நான் பாறசாலையில் ஒரு தமிழ் நாளிதழின் நிருபர். ஒரு காலை, சானல் கரையில், அதாவது பாசன வாய்க்கால் கரையில், ஒருவரின் சடலம் ஒதுங்கியதாகத் தகவல் வந்து ஓடினேன். மனைவி எஸ்தர் குடையோடு நின்றிருந்தார். பாறசாலையில் தையல் கடை வைத்திருந்தவர். அழவில்லை. போலீஸ்காரரிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: "அவருக்க சைக்கிள் எங்க?"

எனக்கு ஹால் திரை கண்ணில் ஓடியது. "கணவர் சடலம் கரையில், சைக்கிளைத் தேடிய மனைவி" என்று எழுதினேன். கட்டம் கட்டிப் போட்டார்கள். பெருமையாக இருந்தது.

பத்து நாளில் வழக்கு முடிந்தது. அவருக்கு வலிப்பு நோய் உண்டு. சைக்கிளைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டுக் கரையில் நடக்கும்போது வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்திருக்கிறார். மாத்திரைப் பை சைக்கிளில் தொங்கியது. அன்றைய மாத்திரையைச் சாப்பிட்டாரா இல்லையா என்று பார்க்கத்தான் எஸ்தர் சைக்கிளைக் கேட்டிருக்கிறார். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் இருந்தது. இதை நான் எழுதவில்லை. மர்மம் இல்லை என்பது எங்கள் பத்திரிகையில் செய்தி ஆகாது.

இரண்டு வருடம் கழித்து எஸ்தருக்கு மறுமணம் பேசினார்கள். மணமகன் அதியன்னூர்க்காரர், மனைவியை இழந்தவர். எங்கள் சர்ச்சில் மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள். யாரும் எழுந்ததை நான் பார்த்ததில்லை. மூன்றாம் ஞாயிறு மணமகனின் மாமன் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து வாசித்தார். நிறுத்தி, தெளிவாக, நான் எழுதியது முழுவதையும்.

நான் நான்காவது பெஞ்சில் இருந்தேன். வழக்கு முடிந்தது, காரணம் வலிப்பு என்று எழுந்து சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே செருப்பைத் தேடும்போது எஸ்தர் எதிரே வந்து நின்றார்.

"நீங்க உள்ளதானே இருந்திய?"

"ஆமா."

"செரி" என்றார். அவ்வளவுதான். கல்யாணம் நடக்கவில்லை. அடுத்த வருடம் கடையை மூடிவிட்டு, தங்கை வீட்டுக்கு என்று கோட்டுகால் பக்கம் போனார்.

படம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கையில் இதையெல்லாம் ஞானதாசிடம் சொன்னேன். இப்போதாவது நாலு வரி எழுதிப் போடலாம் என்று நினைப்பதாகவும் சொன்னேன்.

"எங்க போடுவ மக்கா? உனக்க பேப்பரு இந்தப் பக்கம் வாறதே இல்ல" என்றார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "போட்டாலும் ஆருக்கு மனசிலாவும்? அந்த மாமன் செத்தாச்சு. அவ எங்க இருக்கான்னு எனக்குந் தெரியாது, உனக்குந் தெரியாது. நீ எழுதினத இப்ப ஒருத்தனுக்கும் ஓர்ம இல்ல" என்றார்.

உண்மைதான். நான் விசாரித்தும் பார்த்தேன். கட்டம் கட்டி வந்த அந்தச் செய்தி ஊரில் யார் நினைவிலும் இல்லை. மறுப்பு எழுத வேண்டுமானால், எதை மறுக்கிறேன் என்று முதலில் அந்தப் பழியையே ஊருக்கு மறுபடி சொல்லவேண்டும்.