கேரவனுக்குப் போட்ட தரை

பாலைவனத்தில் குளிரும் என்றால் உறையூரில் யாரும் நம்பத் தயாராக இல்லை. வழியனுப்ப வந்தவர்கள் எல்லாரும் அம்மாவிடம் மெல்லிய பருத்திப் புடவைகளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சித்தி எனக்கென்று இரண்டு பனைவிசிறி வாங்கிக் கொடுத்தாள். அந்த விசிறிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அபுதாபியில் விமானத்தை விட்டு இறங்கியது ஒரு மார்கழி மாதத்தில். அப்பா வந்து தன் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினார். விசிறிகளைப் பார்த்துச் சிரித்தார். வளைகுடாவில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அநேகமாக அன்று ஒருநாள்தான்.

எழுபதுகளில் அங்கே வேலை இருந்தது, வீடு இல்லை. இருந்த வீட்டுக்கும் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். அல் ஐன் போகும் வழியில், ஊருக்கு வெளியே, மணலுக்கு நடுவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஏசி பிரிவுக்கு அப்பாதான் ஃபோர்மேன். கல்யாணமானதிலிருந்து லீவில் மட்டுமே வந்து போன மனிதர். குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. அம்மாவும் வந்து பார்ப்பதற்குச் சம்மதித்தாள். ஆனால் கிளம்பும் முன்பே கடிதத்தில் எழுதிவிட்டாள்: குளிர்காலம் முடியும்வரை இருந்து பார்க்கிறேன், சரிப்படாவிட்டால் திரும்பிவிடுவேன், தடுக்கக் கூடாது.

எங்களுக்குக் கிடைத்த வீடு ஒரு கேரவன். லீவு நாளில் காரின் பின்னால் மாட்டிக் கடற்கரைக்கு இழுத்துப் போவதற்காக யாரோ ஓர் ஆங்கிலேய என்ஜினீயர் வாங்கி, ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. ஒரு கட்டில், மடக்கு மேஜை, ஒற்றை அடுப்பு, நாலு எட்டு வைத்தால் சுவர். டயரில் காற்று இறங்கிப்போய், சிமெண்ட் கற்கள்மேல் நிறுத்தியிருந்தார்கள். அடியில் பூனை ஓடுகிற அளவுக்கு இடைவெளி. அந்த வழியாகத்தான் பாலைவனத்துக் காற்று முழுவதும் போய்வந்துகொண்டிருந்தது. தரை என்பது ஒரு மெல்லிய பலகை, அதற்குக் கீழே தகரம். காலையில் கால் வைத்தால் உச்சந்தலைவரை சிலிர்க்கும். அம்மா புடவைக்குக் கீழே அப்பாவின் காலுறைகளைப் போட்டுக்கொண்டு சமைத்தாள். நான் கட்டிலை விட்டு இறங்கினால் திட்டு விழும்.

"கால் வைக்க முடியலைங்க. கீழேர்ந்து ஏறுது" என்று அம்மா தினமும் சொன்னாள். அவள் சொன்ன குறை அது ஒன்றுதான்.

சைட்டில் இருந்த அத்தனை பேரும் ஆண்கள். எங்கள் கேரவனைத் தாண்டித்தான் அவர்கள் தங்கும் கேம்ப்புக்குப் போகவேண்டும். அதனால் பகல் முழுவதும் திரைச்சீலை மூடியே இருக்கும். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அம்மாவோ, உறையூரில் தெருக் குழாயடியில் வாய் ஓயாமல் பேசியவள். இந்தக் கேரவனில் தண்ணீர் லாரி வரும் சத்தத்துக்குக்கூட ஆவலாகக் காத்திருந்தாள். எங்களோடு பேச வந்த ஒரே மனிதர் தச்சுப் பிரிவில் இருந்த புதுக்கோட்டை மாமா. உறவெல்லாம் இல்லை, அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுகிறவர்.

தரையைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்பா தீர்மானித்தார். குளிரை வெளியே போகவிடாமல் குழாய்க்குள் பூட்டிவைப்பது அவருடைய தொழில். அதே வேலையைத் திருப்பிச் செய்தால் போதும் என்றார். மாமா சைட்டில் மிஞ்சிய பிளைவுட்டையும் மரச்சட்டங்களையும் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்தார். ஏசி குழாய்களுக்குச் சுற்றுகிற மஞ்சள் நிறக் கண்ணாடிப் பஞ்சை அப்பா கொண்டுவந்தார். டியூட்டி முடிந்து வந்து, முட்டி போட்டபடி, பழைய தரைமேல் சட்டங்களை அடித்து, நடுவே பஞ்சை நிரப்பி, மேலே பலகையைப் பொருத்தினார்கள். நானும் அம்மாவும் கட்டில்மேல் காலை மடக்கி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கண்ணாடியில மெத்தை போட்டு நடக்கப்போற மகாராணி நீங்கதான் அண்ணி" என்றார் மாமா.

அந்தப் பஞ்சு பார்க்கத்தான் பஞ்சு. தொட்டால் கண்ணுக்குத் தெரியாத முள்ளாகத் தோலில் ஏறிவிடும். அப்பாவின் கை இரண்டும் முழங்கைவரை சிவந்து தடித்துப் போயின. சாப்பிடும்போதும் சொறிந்தார், தூக்கத்திலும் சொறிந்தார். அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். போதும் விடுங்கள் என்று பலமுறை வாயெடுத்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பை மேலே விரித்துவிட்டு, அப்பா அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுதான். தண்ணி ஊத்தி மட்டும் கழுவிடாத. பஞ்சு தண்ணியக் குடிச்சுதுன்னா அப்புறம் காயவே காயாது. எல்லாம் வீண்."

"சரிங்க. பிழிஞ்ச துணியில துடைச்சுக்கறேன்" என்றாள் அம்மா.

தரை வெதுவெதுப்பாகிவிட்டது. நான் வெறுங்காலோடு குதித்தேன். உயர்ந்த தரையால் கூரை தாழ்ந்துபோய், நெட்டையான அப்பா அதன்பிறகு வீட்டுக்குள் தலையைக் குனிந்தபடியே நடந்தார். மறந்து நிமிர்ந்தால் இடி விழும். அதைப்பற்றி அவர் கவலைப்படவில்லை. டியூட்டியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்காலைத் தரையில் அழுத்தி வைத்து, "எப்படி?" என்பார். அம்மா, "நல்லாயிருக்கு" என்பாள். அந்த "நல்லாயிருக்கு" நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போனது எனக்கு அப்போது தெரியவில்லை. சொல்வதற்கு இருந்த ஒரே குறையும் அவளுக்குப் போய்விட்டது.

ஒரு வியாழக்கிழமை அப்பா உற்சாகமாக வந்தார். பக்கத்திலேயே கம்பெனிக்கு இன்னொரு கட்டடம் கிடைத்திருந்தது. "இனிமே என்ன கவலை? தரையும் சரியாயிடுச்சு. இன்னும் ரெண்டு மூணு வருஷம் இங்கேயே ஓட்டிடலாம்" என்றார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, லீவு. வழக்கம்போல அப்பாவும் மாமாவும் கம்பெனி வண்டியில் அல் ஐன் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனார்கள். அம்மா என்னைக் கட்டிலில் ஏற்றி உட்காரவைத்தாள். பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டித் துடைப்பத்தால் தேய்த்தாள். பிறகு இன்னொரு வாளி. வாசலை நோக்கித் தள்ளினாள். ஆனால் வாசல்வரை வந்து சேர்ந்த தண்ணீர் கொஞ்சம்தான். துணியால் துடைத்து, விரிப்பை மறுபடியும் விரித்தாள். குளித்துவிட்டு விளக்கேற்றினாள். நான் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. உறையூரில் வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவித்தானே விளக்கேற்றுவார்கள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் ஏன் கழுவவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கழுவினாள். அதற்குப் பிறகு தரை பழையதைவிட மோசமாகிவிட்டது. ஈரச் சாக்கு நாற்றம் வீட்டைச் சுற்றிக்கொண்டது. கால் வைத்தால் பனிக்கட்டிமேல் வைத்த மாதிரி இருந்தது. "மறுபடியும் ஏறுதுங்க" என்றாள் அம்மா. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்பா மாமாவை வரவழைத்து ஒரு பலகையை நெம்பித் தூக்கினார். உள்ளே பஞ்சு குழைந்த சோறு மாதிரிச் சொதசொதவென்று கிடந்தது. பிழிந்தால் தண்ணீர் வழிந்தது.

"மழையே இல்லையேண்ணே. இவ்வளவு தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் மாமா.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. அப்பா கொஞ்ச நேரம் அந்த ஈரப் பஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. நாள் முழுக்கச் சுமை தூக்கிவிட்டு வந்தவரைப் போல இருந்தது. பிறகு பலகையைப் பழையபடி வைத்து அழுத்தினார்.

"மண்ணோட ஈரம் ஏறியிருக்கும்ப்பா. நான்தான் அடியில சரியா பேக்கிங் பண்ணல. எனக்குத் தரை போடத் தெரியல" என்றார் மாமாவிடம். அம்மாவின் பக்கம் திரும்பாமலேயே, "கலாஸ், முடிஞ்சுது. டிக்கெட்டுக்குச் சொல்லிடறேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

விமான நிலையத்தில் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். முழங்கையில் பஞ்சு கிழித்த தடங்கள் இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகும் அப்பா அங்கேயே பல வருடங்கள் கேம்ப்பில் தனியாக இருந்தார். முன்பு போலவே லீவில் வந்தார், போனார்.

உறையூரில் எங்களைப் பார்க்க வீடு நிறையக் கூட்டம். ஏன் இவ்வளவு சீக்கிரம் திரும்பிவிட்டீர்கள் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அம்மா குளிர் என்றாள். பாலைவனத்தில் ஏது குளிர் என்று எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் முந்திக்கொண்டேன்: "எங்கப்பாவுக்குத் தரை போடவே தெரியல. அதான் வந்துட்டோம்."

பளாரென்று அறை விழுந்தது. அதுவரை அம்மா என்னை அடித்ததே கிடையாது. அத்தனை பேர் முன்னால் அடித்துவிட்டு, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, என்னைவிட அதிகமாக அவள்தான் அழுதாள். எனக்கு வலியைவிடக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது. அப்பா தன் வாயால் சொன்னதைத்தானே நானும் சொன்னேன்.