நிலாக் கதவுக்கு வெளியே

பேத்தி ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். குழந்தைகளை வைத்து எழுதிய விஞ்ஞானக் கதைகளின் தொகுப்பாம். எந்தப் புத்தகத்தையும் முதலில் மோந்து பார்ப்பது என் வழக்கம். படிப்பது அப்புறம்தான், சில சமயம் படிப்பதே இல்லை. இதன் பசை வாசனை லேசாகத் தித்தித்தது. அவ்வளவுதான், வேலூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் வைத்த மயக்க மருந்து ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. எனக்கு எட்டு வயது. முழங்காலில் சீழ் வைத்து, மாதனூரிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கீறிச் சுத்தம் செய்யாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நானோ, அந்த மருந்தை மோந்தால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டேன் என்று நம்பினேன். மருந்தோடு வந்த நர்ஸின் கையைக் கடித்துவிட்டேன். அப்போது எனக்கு நல்ல பல்.

பக்கத்துக் கட்டிலில் ஜுலேகா. ஆம்பூர்க்காரி, என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். அவள் அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அவள் துணியில்கூடத் தோல் ஊறவைக்கும் ஆவாரம்பட்டை வாசனை வீசும். என் அழுகை தாங்காமல் ஒரு கதை கட்டினாள். ஆம்பூர்ப் பிள்ளைகள் ஆட்டுத்தோலைத் தைத்து, காற்றடைத்து, அதில் ஏறி நிலாவுக்குப் போகிறார்கள். அவசரத்தில் தோலைப் பட்டைத் தண்ணீரில் ஊறப்போட மறந்துவிட்டார்கள். பாதி வழியில் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. நிலாக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறார்கள். காற்றோ இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"அப்புறம் இன்னா ஆச்சு?"

"போய் மருந்த மோந்துட்டு வா. முழிச்சதும் மிச்சத்த சொல்றேன்."

எவ்வளவோ கெஞ்சினேன், மசியவில்லை. மறுநாள் காலை நானே நர்ஸைக் கூப்பிட்டு மூக்கைக் காட்டினேன்.

விழித்தபோது அவள் கட்டில் காலி. எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, குணமாகி வீட்டுக்குப் போயிருந்தாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று அவள் அப்பா பறந்திருக்கிறார். அந்தப் பரபரப்பிலும் கட்டில் கட்டிலாகப் போய்க் கதையின் முடிவைச் சொல்லி, "அவ முழிச்சா சொல்லிடுங்க" என்று ஒப்படைத்துவிட்டுத்தான் போனாளாம்.

ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். நிலாக்காரர்களுக்கு ஜலதோஷம் பிடித்துக் கதவு திறந்ததாக எதிர்க்கட்டில் அம்மாள் சொன்னார். பிள்ளைகள் நிலா மண்ணைத் தேய்த்துக் குளித்தார்கள் என்றார் வார்டு பெருக்கும் ரோசம்மா. கடிபட்ட நர்ஸ் என் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டே, நிலாக் குழந்தைகள் பெரியவர்களுக்குத் தெரியாமல் தாழ்ப்பாளை எடுத்துவிட்டார்கள் என்றார். என் முதல் கதைத் தொகுப்பு அதுதான். கொடுத்துவைத்தவள் நான்.

ஜுலேகாவை அப்புறம் பார்க்கவே இல்லை. ஆம்பூரைக் கடக்கும்போதெல்லாம் ரயில் ஜன்னலில் மூக்கை நீட்டுவேன். பட்டை வாசனை போய் ரசாயன நெடி வந்து வெகு காலமாகிறது. அந்த வார்டையும் இடித்துவிட்டார்கள். அவள் வாயால் சொன்ன முடிவு எது என்று கேட்க, அன்று அங்கிருந்தவர்களில் ஒருவரும் இல்லை. இதோ, இந்தக் கால் இருக்கிறது. கடைவீதிவரை நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.