இழுத்தால் கையோடு வரும் முடி

என்னைக் கட்டிக்கொண்ட ஆள், அடிப்பதற்கென்று ஒரு முறை வைத்திருந்தான். முதலில் என் பின்னலைப் பிடிப்பான். இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றுவான். மூன்றாவது சுற்றுக்கும் முடி நீளம் இருந்தது. ஆனால் இரண்டே போதும் என்று பழக்கத்தில் கண்டுகொண்டிருந்தான். என் தலை அவன் முழங்கைக்குள் வந்துவிடும். பிறகு வலது கைக்கு வேலை. கன்னம், காது, முதுகு, எதுவாக இருந்தாலும் அவன் இஷ்டம். பதினான்கு வருஷம் இப்படித்தான் நடந்தது. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. வெட்கப்பட்ட காலத்திலும் அடி குறையவில்லை.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகியும் அவரைக்காயும் போடுகிற குடும்பம் என்னுடையது. பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்தைவிட முடியைத்தான் அதிகம் பார்த்தார்கள். அவன் மதுரைப் பக்கத்திலிருந்து ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்தவன். நானும் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கார்களுக்கு வேண்டிய வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றி அனுப்புகிற வேலை. முப்பது பெண்கள் நிற்கும் லைனில் ஒருத்தியாகப் போய், எட்டு வருஷத்தில் அந்த லைனுக்கே லீடர் ஆனேன். காலையில் முப்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் முகம் வீங்கியிருந்தால், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்பேன்.

"அக்கா, உங்க பாத்ரூம்ல என்னா எண்ணெயவா ஊத்தி வச்சிருக்கீங்க?" என்று ஒரு வாயாடி கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எல்லோருக்கும் தெரியும்.

முதலில் பின்மண்டையில் ஐம்பது பைசா அளவுக்கு ஓர் இடம் வழுவழுவென்று ஆனது. புழுவெட்டு என்றார்கள். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்ததுதான் மிச்சம். ஒன்று நான்கானது, நான்கு ஒன்றாகச் சேர்ந்தது. டாக்டர், என் உடம்பே என் முடியை எதிரியென்று நினைத்து அடிக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் ஒருவன் அடிப்பது போதாதென்று உடம்பும் சேர்ந்துகொண்டதா என்று நினைத்தேன். டாக்டருக்கு அது புரியவில்லை, நானும் விளக்கவில்லை. நான்கே மாதத்தில் புருவம் வரைக்கும் உதிர்ந்தது. மிச்சம் ஒட்டியிருந்ததை நானே வழித்தெடுத்தேன்.

மறுநாள் புருவத்தை மையால் வரைந்துகொண்டு வாசலுக்கு வந்தேன். வீட்டில் தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏடுகொண்டலவாடா. திருப்பதி போயிட்டு வந்தியாம்மா? சொல்லவே இல்ல. லட்டு எங்க?"

எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் நின்றால் வேண்டுதல் என்றுதான் நினைப்பார்கள். என் வாய் தானாக ஆமாம் என்றது. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்வீட் கடையில் லட்டு வாங்கி, சின்னச் சின்னக் கவரில் போட்டு, தெரு முழுக்கக் கொடுத்தேன். கம்பெனியிலும் கொடுத்தேன். எல்லோரும் கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டார்கள். பெருமாள் என்னை மன்னித்திருப்பார், அவருக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது. ஆனால் வேண்டிக் கொடுத்த முடி மூன்று மாதத்தில் முளைக்க வேண்டுமே. எனக்கு முளைக்கவில்லை. லட்டு தின்ற வாய்களெல்லாம் குசுகுசுக்க ஆரம்பித்தன.

லைனில் எல்லோரும் முடி மறைய எலாஸ்டிக் தொப்பி போட வேண்டும். முடியில்லாத தலையில் அது நிற்காது. பேசிக்கொண்டே இருப்பேன், வழுக்கிக் கண்ணில் விழும். ஒருநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"மேடம், வெளியாளுங்க வந்து போற லைன் இது. என்ன நோய்ன்னு கேப்பாங்க. கொஞ்ச நாள் பின்னாடி ஸ்டோர்ல இருந்துக்கோங்க."

அட்டைப்பெட்டி அடுக்கும் இடத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அங்கே என் வாயைப் பார்க்க யாரும் இல்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. முடி போன பிறகு ஏழு மாதம் அவன் என்னை அடிக்கவில்லை. ஒருமுறை அடிக்க வந்தான். கை என் பிடரிப் பக்கம் போனது, ஒன்றும் அகப்படாமல் தடவியது, திரும்பியது. "தூ" என்று துப்பிவிட்டு வெளியே போய்விட்டான். என் முதுகில் பழைய காயங்கள் ஆறின. எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடியிருந்தேன். பஸ்ஸில் கடைசி சீட்டில் தலை குனிந்து உட்கார்ந்தேன். முடி இல்லையென்றால் அடி இல்லை. ஆனால் நானும் இல்லை. இதில் ஒன்றை நான் எடுத்தாக வேண்டும். எனக்கு என் லைன் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கு பஸ் ஏறினேன். விக் கடையில் நடுவயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். தலையில் இருந்த துணியை எடுக்கச் சொன்னாள், எடுத்தேன். அவள் முகம் மாறவே இல்லை. கழுத்து வரைக்குமான விக்கை நீட்டினாள். "நீளமா வேணும்" என்றேன், கன்னடத்தில். "இடுப்பு வரைக்கும். பின்னல் போடற மாதிரி." உள்ளே நாலு பக்கமும் ஒட்டும் டேப் வைத்து அழுத்தினாள். பிறகு என் கையை எடுத்துப் பின்னலில் வைத்து, "எளீரி, கட்டியாகி எளீரி" என்றாள். இழு, நன்றாக இழு என்று. இழுத்தேன். தோல் வந்தது, முடி வரவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து அங்கேயே ஓவென்று அழுதேன். அந்த முடியை உண்மையிலேயே வேண்டிக்கொண்டு கொடுத்த எவளோ ஒருத்தி நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். தொப்பி கச்சிதமாக நின்றது. ஸ்டோரிலிருந்து நேராகப் போய் சூப்பர்வைசர் முன்னால் நின்றேன்.

"பதினைஞ்சு நாள்ல கார் கம்பெனிக்காரங்க ஆடிட் இருக்கு மேடம். அன்னிக்கு லைன நீங்க நடத்துங்க. நல்லாப் போனா உங்களுக்கே குடுத்துடறேன்" என்றார்.

அந்த ஆடிட் நாள் காலையில், டேப்பை வழக்கத்தைவிட இரண்டு துண்டு அதிகமாக வைத்து ஒட்டினேன். பின்னலில் ஒரு முழம் மல்லிகை வைத்தேன். தோசை வார்த்து முடித்து அடுப்பை அணைக்கும்போது அவன் நைட் ஷிப்ட் முடிந்து வந்தான். குடித்திருந்தான். வீட்டில் அதுவரை விக்கைக் கழற்றியே வைத்திருந்தேன். பின்னலையும் பூவையும் முதல்முறையாகப் பார்த்தான்.

"எவனுக்குடி இந்தப் பூவு?"

"எனக்கு" என்றேன்.

அந்தக் கைக்கு எதுவும் மறக்கவில்லை. பின்னலைப் பிடித்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. இழுத்தான். டேப் விடவில்லை. நெற்றியோரத்தில் தோல் கிழிகிற சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது தடவை முழு பலத்தையும் போட்டு இழுத்தான். தோலோடு பிய்த்துக்கொண்டு முடி மொத்தமாக அவன் கையோடு போனது. இழுத்த வேகத்தில் அவனே மல்லாக்க விழுந்தான், காஸ் சிலிண்டரில் முதுகு மோதியது. என் ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் கையில் சுற்றியிருந்ததைப் பார்த்து அலறினான், ஏதோ பாம்பைப் பிடித்துவிட்டவன்போல.

தோசைக்கல்லை எடுத்தேன். அது இன்னும் ஆறவில்லை. முடி சுற்றிய அந்த இடது கை தரையில் விரிந்து கிடந்தது. அதன்மேல் ஓங்கிப் போட்டேன். எலும்பு உடைந்தது தெரிந்தது. முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. இன்னொரு முறையும் போட்டேன். முதல் அடி ஆத்திரத்தில் விழுந்தது, இரண்டாவது, யோசித்துத்தான். பிறகு உட்கார்ந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என் முடியை எடுத்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றார். என் தலையையும் அவன் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திருப்பதிக்கெல்லாம் போகலக்கா. தானா கொட்டுனது. லட்டு பஸ் ஸ்டாண்டுல வாங்குனது" என்றேன். அந்த நேரத்தில் ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் மஞ்சள்தூளை எடுத்துவந்து என் நெற்றியில் அப்பினார். அவனுக்கு ஆட்டோ பிடிக்கத் தன் வீட்டுக்காரரை அனுப்பினார்.

பொசுங்கின விக்கைப் பையில் போட்டுக்கொண்டு, மொட்டைத் தலையோடு கம்பெனி பஸ் ஏறினேன். முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் வாயிலிலேயே மறித்து, "லீவு எடுத்துக்கோங்க மேடம்" என்றார்.

"இன்னிக்கு லைன் என்னுதுன்னு சொன்னீங்க. நடத்திட்டுப் போறேன்."

தொப்பி மறுபடி வழுக்கியது. அந்த வாயாடிப் பெண் வந்து, நாங்கள் வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பால் அதை என் தலையைச் சுற்றி இறுக்கி ஒட்டினாள். முப்பது பேரும் என் வாயைப் பார்த்து நின்றார்கள். ஆரம்பிக்கச் சொன்னேன்.

ஆடிட்டுக்கு வந்தவர் பெங்களூர்க்காரர். நெற்றியில் மஞ்சளையும் ரத்தத்தையும் பார்த்து, என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டார். பாத்ரூம் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது.

"கண்ட ஹொடெத" என்றேன். புருஷன் அடித்தான் என்று. அதோடு நிறுத்த மனம் வரவில்லை. "நானூ ஹொடெதே."

நானும் அடித்தேன். அவர் அடுத்த மேசையில் வயர்களைச் சரிபார்க்கக் குனிந்தார். லைன் சாயங்காலம் வரை நிற்காமல் ஓடியது. அது அன்றிலிருந்து மறுபடி என்னுடையது.

ஆஸ்பத்திரியில் அவன் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னானாம். என் பொய் கடைசியில் அவனுக்கு உதவியது. கைக்கட்டோடு ஊருக்குப் போய்விட்டான்.

நெற்றிக் காயம் ஆறியதும் விக் கடைக்குப் போனேன். பொசுங்கின பாகத்தை வெட்டியதில் முடி தோள் வரை குறைந்தது. கடைக்காரி புது டேப்பை எடுத்தாள். வேண்டாம் என்றேன். விழுந்துவிடுமே என்றாள். விழுந்தால் எடுத்து வைத்துக்கொள்வேன், யாராவது இழுத்தால் கையோடு வந்துவிட வேண்டும் என்றேன். இரண்டு தடவை விழவும் விழுந்தது, ஒருமுறை கேன்டீனில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில். எடுத்து உதறி வைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் கதவைத் திறந்தால் அவன் நிற்கிறான். கட்டுப் பிரித்த இடது கை கோணியிருந்தது. "வீட்டுக்கு வந்துட்டேன்" என்றான். அவன் கண் என் தலைக்குப் போனது. கால் பின்னால் போகப் பார்த்தது. அதை நிறுத்தி, விக்கைக் கழற்றி, அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இந்தா, சுத்திக்க. ரெண்டு சுத்துக்கு நீளம் பத்தாது."

அவன் கை நீட்டவில்லை. மொட்டைத் தலையையும் விக்கையும் பார்த்துக்கொண்டே ஒரு படி இறங்கினான், பிறகு இன்னொரு படி. நான் அதைத் தலையில் வைத்துச் சரிசெய்துகொண்டு, கதவைப் பூட்டி, அவனைத் தாண்டிப் படியிறங்கி பஸ்ஸுக்குப் போனேன்.